கன்டெய்னர் இமேஜிலிருந்து விண்டோஸில் சொந்த லினக்ஸ்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைக்கும் டிஸ்ட்ரோக்களோடு (ஆயத்த லினக்ஸ் தொகுப்புகளோடு) நின்றுவிடாமல், தமக்கு வேண்டிய கருவிகள் மட்டும் அடங்கிய லினக்ஸ் சூழலைத் தாமே கட்டி, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதியான டபிள்யூஎஸ்எல் 2-இல் ஏற்றிக்கொள்வது இன்று பல அலுவலகங்களில் வழக்கமாகிவிட்டது. செய்முறை சுருக்கமானது. நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிச் சூழல்களில் ஓட்டும் கருவி டாக்கர்; முதலில் கட்டும் படிகளை டாக்கர்ஃபைலில் எழுதி, அச்சூழலின் வார்ப்பான இமேஜைக் கட்ட வேண்டும். டாக்கர் கிரியேட் கட்டளையால் அதிலிருந்து ஒரு கன்டெய்னரை உருவாக்க வேண்டும், அதை ஓட்ட வேண்டிய தேவைகூட இல்லை. டாக்கர் எக்ஸ்போர்ட் கட்டளையால் அதன் கோப்பு மரத்தை ஒரு டார் கோப்பாக (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய பொட்டலமாக) எடுக்க வேண்டும். பிறகு விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு முதல் கிடைக்கும் டபிள்யூஎஸ்எல் --இம்போர்ட் கட்டளைக்கு டிஸ்ட்ரோவின் பெயர், அது குடியிருக்க வேண்டிய ஃபோல்டர், டார் கோப்பு ஆகிய மூன்றையும் கொடுக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் சில நிமிட வேலைதான்.

சரியாக இல்லாதபோது வரும் பிழைகள் பல முகங்களைக் காட்டினாலும் பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றே. எக்ஸ்போர்ட் செய்யப்பட்ட டார் கோப்பில் கோப்புகள் மட்டுமே இருக்கின்றன; கன்டெய்னர் ஓடும்போது டாக்கர் தன் கையால் ஊட்டிக்கொண்டிருந்த சூழல் மாறிகள் (நிரல்கள் படிக்கும் அமைப்பு மதிப்புகள்), தொடக்கக் கட்டளை, பயனர் தேர்வு, பெயர் தீர்வு (இணையப் பெயரை முகவரியாக மாற்றுவது) ஆகிய எதுவும் அதில் இல்லை. வாடகை வீடு மாறும்போது சாமான்கள் வந்து சேர்ந்துவிடும், பழைய வீட்டின் மின் இணைப்பு கூடவே வராது என்பதைப் போன்றது இது. ஆகவே எந்த அறிகுறியைக் கண்டாலும், இதை அங்கே யார் கொடுத்துக்கொண்டிருந்தார், இங்கே யார் கொடுக்க வேண்டும் என்ற கேள்வியோடு தொடங்கினால் தேடும் இடம் வெகுவாகச் சுருங்கிவிடும். கண்டுபிடித்த தீர்வை ஏற்றிய டிஸ்ட்ரோவுக்குள் ஒட்டுப்போடாமல் டாக்கர்ஃபைலிலேயே எழுதி வைப்பது நல்லது. இல்லையென்றால் அடுத்த முறை கட்டும்போது அதே பிழை அப்படியே திரும்பி வரும்.

அறிகுறி: இம்போர்ட் கட்டளையே மறுக்கிறது

கொடுத்த கோப்பு முறையான லினக்ஸ் டிஸ்ட்ரோ அல்ல என்ற பொருளில் செய்தி வந்தால், முதலில் டார் கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும். விண்டோஸிலேயே டார் கட்டளை இருப்பதால் -டிஎஃப் என்ற தேர்வோடு கோப்பின் பெயரைக் கொடுத்து முதல் பத்து இருபது வரிகளைப் படித்தாலே போதும். பின், எட்சி, யூஎஸ்ஆர், வார் போன்ற அடைவுகள் தெரிந்தால் கோப்பு சரி. மேனிஃபெஸ்ட்.ஜேசன் என்ற கோப்பும், பிளாப்ஸ் என்ற அடைவும், நீண்ட பதினாறெண் பெயர்களும் தெரிந்தால், எக்ஸ்போர்ட்டுக்குப் பதிலாகச் சேவ் கட்டளை பயன்பட்டிருக்கிறது என்று பொருள். டாக்கர் சேவ் என்பது இமேஜை அதன் அடுக்குகளோடும் விவரக் குறிப்புகளோடும், வேறொரு டாக்கர் படித்துக்கொள்ளும் வடிவில் எழுதுகிறது. எக்ஸ்போர்ட் என்பது அடுக்குகளை எல்லாம் தட்டையாக்கி ஒரே கோப்பு மரமாகக் கொடுக்கிறது. டபிள்யூஎஸ்எல்லுக்கு வேண்டியது பின்னதுதான். பழைய டபிள்யூஎஸ்எல் பதிப்புகள் இந்தத் தவற்றை இம்போர்ட் நேரத்தில் சொல்லாமல், திறக்கும்போது ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) இல்லை என்று மட்டும் சொல்லக்கூடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பட்டியலே வராமல், டார் கட்டளையும் கோப்பின் வடிவம் அடையாளம் தெரியவில்லை என்று சொன்னால், கோப்பு எப்படி எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1-இல் எக்ஸ்போர்ட் கட்டளையின் வெளியீட்டை '>' குறியால் கோப்புக்குத் திருப்பினால், பவர்ஷெல் அந்த இருமத் தரவை எழுத்து என்று எண்ணி யூடிஎஃப்-16 ஆக மாற்றி எழுதிவிடும். இதற்கு ஓர் எளிய அடையாளம் உண்டு: எதிர்பார்த்த அளவைப் போலக் கோப்பு ஏறக்குறைய இரு மடங்கு பெருத்திருக்கும். பவர்ஷெல் 7.4 முதல் இந்தக் குறை நீங்கிவிட்டது. எந்தப் பதிப்பாக இருந்தாலும் எக்ஸ்போர்ட் கட்டளையின் -ஓ தேர்வில் கோப்புப் பெயரைக் கொடுப்பதே பாதுகாப்பானது. கெட்டுப்போன கோப்பை மீட்க முயல வேண்டாம். மறுபடி எக்ஸ்போர்ட் செய்வது அதைவிட விரைவான வேலை.

சிலர் டார் கோப்பை விண்டோஸ் ஃபோல்டரில் பிரித்து, உள்ளே எதையோ திருத்தி, மீண்டும் கட்டுகிறார்கள். அப்போது வெளியே ஒரு கூடுதல் ஃபோல்டர் சேர்ந்துகொள்வது ஒரு சிக்கல். கோப்பு மரத்தின் வேர் டார் கோப்பின் வேரிலேயே தொடங்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், உரிமையாளர் விவரமும் அனுமதிக் குறிகளும் வழியில் கழன்றுவிடுவது. சாதாரணப் பயனரை நிர்வாகியாகச் செயல்பட விடும் சூடோ கட்டளை, தான் ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், செட்யூஐடி என்ற அனுமதிக் குறி இருக்க வேண்டும் என்று முரண்டுபிடித்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். திருத்தம் எதுவானாலும் டாக்கர்ஃபைலில் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

கோப்பு ஏற்கெனவே இருக்கிறது என்ற பிழை வந்தால், கொடுத்த ஃபோல்டரில் முந்தைய முயற்சியின் எக்ஸ்ட்4.விஹெச்டிஎக்ஸ் கோப்பு (டிஸ்ட்ரோவின் மெய்நிகர் வட்டு) கிடக்கிறது. ஒவ்வொரு டிஸ்ட்ரோவுக்கும் தனி ஃபோல்டர் வேண்டும். பெயர் ஏற்கெனவே உள்ளது என்றால் வேறு பெயர் கொடுக்கலாம், அல்லது பழையதை --அன்ரிஜிஸ்டர் செய்யலாம். பின்னது அந்த டிஸ்ட்ரோவின் வட்டுக் கோப்பையே அழித்துவிடும், கேள்வியும் கேட்காது. உள்ளே கோப்புகள் இருந்தால் முதலில் டபிள்யூஎஸ்எல் --எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளவும். மெய்நிகர் வட்டுக் கோப்பு சுருக்கப்பட்டோ குறியாக்கப்பட்டோ இருக்கக்கூடாது என்று செய்தி வந்தால், அந்த ஃபோல்டரின் பண்புகளில் சுருக்கமும் குறியாக்கமும் இயக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து நீக்க வேண்டும். 80370102 என முடியும் பிழை எண் வந்தால் இமேஜைக் குறை சொல்ல வேண்டாம். கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் மெய்நிகராக்கமோ, விண்டோஸ் அம்சங்களில் விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்மோ இயக்கப்படவில்லை.

அறிகுறி: ஏறிவிட்டது, ஆனால் ஷெல் திறக்க மறுக்கிறது

எக்ஸெக் ஃபார்மட் எரர் என்ற செய்தி கண்ணில் பட்டால் செயலியின் வகை பொருந்தவில்லை. ஆர்ம் செயலி உள்ள மடிக்கணினியில் கட்டிய இமேஜை இன்டெல் அல்லது ஏஎம்டி இயந்திரத்தில் ஏற்றினால் இப்படி ஆகும். கட்டும்போதே --பிளாட்ஃபார்ம் தேர்வில் லினக்ஸ்/ஏஎம்டி64 அல்லது லினக்ஸ்/ஆர்ம்64 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுவது தலைவலியைக் குறைக்கும்.

அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை என்ற செய்தி வந்தால், பயனர் பட்டியலில் அந்தப் பயனருக்கு எழுதப்பட்டிருக்கும் ஷெல் உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆல்பைன் என்ற சிறிய டிஸ்ட்ரோவின் இமேஜில் பாஷ் என்ற ஷெல் இல்லை, ஆஷ்தான் உண்டு; டெபியனுக்கு எழுதிய பயனர் உருவாக்கும் வரிகளை அப்படியே ஆல்பைனுக்கு எடுத்துக்கொண்டு போனவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். உள்ளே நுழைய டபிள்யூஎஸ்எல் கட்டளைக்கு -டி தேர்வில் டிஸ்ட்ரோவின் பெயரையும், -யு தேர்வில் ரூட்டையும், -இ தேர்வில் /பின்/எஸ்ஹெச் என்பதையும் கொடுக்கலாம். இந்த ஒரு வரி பின்வரும் பல சிக்கல்களிலும் அவசரக் கதவாக உதவும். கெட்பிடபிள்யூயூஐடி தோல்வி என்ற செய்தி வந்தால், இயல்புப் பயனராகக் குறிக்கப்பட்டவர் பயனர் பட்டியலில் இல்லை. அதே கதவு வழியாக ரூட்டாக நுழைந்து அவரை உருவாக்கிவிட்டால் தீர்ந்தது.

ஷெல்லே இல்லாத டிஸ்ட்ரோலெஸ் வகை இமேஜ்களை இதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. அவை ஒரே ஒரு நிரலை ஓட்டுவதற்கென்று உரிக்கப்பட்டவை. அவற்றுக்கு ஷெல்லையும், பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) நிறுவும் மேலாளரையும் மீண்டும் பூட்டி முடிப்பதற்குள் டெபியனிலிருந்து தொடங்கியே வேலையை முடித்துவிடலாம்.

அறிகுறி: எப்போதும் ரூட்டாகவே நுழைகிறது

டாக்கர்ஃபைலில் யூசர் என்ற வரி இருந்தும் இப்படி நடக்கிறதே என்று வியக்க வேண்டியதில்லை. அந்த வரி இமேஜின் விவரக் குறிப்பில் பதிவாகிறது, கோப்பு மரத்தில் அல்ல. டாக்கர்ஃபைலில் சாதாரணப் பயனர் ஒருவரை உருவாக்கி, சூடோ பொதியை நிறுவி, அவரைச் சூடோ குழுவில் சேர்த்து, /எட்சி/டபிள்யூஎஸ்எல்.கான்ஃப் கோப்பில் யூசர் பகுதியின் கீழ் டிஃபால்ட்= என்று அவர் பெயரை எழுத வேண்டும். கடவுச்சொல்லை இமேஜுக்குள் எழுதி வைக்காமல், ஏற்றிய பிறகு ரூட்டாக நுழைந்து அமைப்பது நல்லது. ஸ்டோரிலிருந்து வரும் டிஸ்ட்ரோக்களுக்கு உரிய பயனர் மாற்றும் கட்டளைகள் இம்போர்ட் செய்தவற்றுக்குப் பொருந்தா. புதிய டபிள்யூஎஸ்எல் பதிப்புகளில் --மேனேஜ் கட்டளையின் --செட்-டிஃபால்ட்-யூசர் தேர்வு இதற்கென இருக்கிறது.

கோப்பைச் சரியாக எழுதிய பிறகும் மாற்றம் தெரியவில்லை என்றால், டிஸ்ட்ரோ முழுமையாக நிற்கவில்லை. டெர்மினல் சாளரத்தை மூடினால் டிஸ்ட்ரோ உடனே நிற்பதில்லை. மைக்ரோசாஃப்ட் ஆவணங்களே இதை 8 விநாடி விதி என்று குறிப்பிடுகின்றன. --டெர்மினேட் கட்டளையால் அந்த டிஸ்ட்ரோவை நிறுத்தி, --லிஸ்ட் --ரன்னிங் கட்டளையால் அது பட்டியலில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு திறக்க வேண்டும்.

அறிகுறி: கன்டெய்னரில் ஓடிய கட்டளை இங்கே இல்லை என்கிறது

இதுதான் மிகுதியாகக் காணப்படும் குழப்பம். நிதானமாகப் பார்க்கத் தகுந்ததும்கூட. இமேஜ்களின் பொதுக் களஞ்சியமான டாக்கர் ஹப்பில், கோ நிரல்மொழிக்கென உள்ள கோலாங் இமேஜை எடுத்துக்கொள்வோம். கன்டெய்னருக்குள் கோ என்று தட்டினால் ஓடும். அதே இமேஜை எக்ஸ்போர்ட் செய்து டபிள்யூஎஸ்எல்லில் ஏற்றிக் கோ என்று தட்டினால் அப்படி ஒரு கட்டளை இல்லை என்று வரும். ஆனால் /யூஎஸ்ஆர்/லோக்கல்/கோ/பின் அடைவுக்குள் போய்ப் பார்த்தால் நிரல் அங்கேயே இருக்கிறது. நடந்தது என்னவென்றால், அந்த அடைவைப் பாத் மாறியில் (கட்டளைகளைத் தேட வேண்டிய அடைவுகளின் பட்டியலில்) சேர்த்தது இமேஜின் டாக்கர்ஃபைலில் உள்ள என்வி வரி. அதுவும் யூசர் வரியைப் போலவே விவரக் குறிப்பில் தங்கிவிட்டது. கோபாத் மாறியும் அப்படியே. இதற்கு மாறாக நோட் இமேஜில் நிரல்கள் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் அடைவிலேயே நிறுவப்பட்டிருப்பதால், அது எந்தச் சேதமும் இல்லாமல் வந்து சேரும். ஓர் இமேஜ் ஒழுங்காக வருகிறது, இன்னொன்று வருவதில்லை என்பதன் மர்மம் இவ்வளவுதான்.

தீர்வு இரண்டு படிகளில் அமைகிறது. முதலில் டாக்கர் இன்ஸ்பெக்ட் கட்டளையை இமேஜின் மீது ஓட்டி, கான்ஃபிக் பகுதியில் என்வி என்ற பட்டியலைப் படிக்க வேண்டும்; இழந்தவை எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். பிறகு அவற்றுள் நமக்குத் தேவையானவற்றை மட்டும் ஷெல்லின் எக்ஸ்போர்ட் வரிகளாக (இது டாக்கர் எக்ஸ்போர்ட் அல்ல) /எட்சி/புரொஃபைல்.டி அடைவில் .எஸ்ஹெச் என்று முடியும் ஒரு கோப்பில் எழுத வேண்டும். பாத் மாறியை எழுதும்போது முழு மதிப்பையும் இமேஜிலிருந்து படியெடுக்காமல், ஏற்கெனவே உள்ள மதிப்போடு புதிய அடைவைச் சேர்க்கும்படி எழுதவும்.

அப்படி எழுதியும், டெர்மினலில் ஓடுகிற கட்டளை விண்டோஸ் ஸ்கிரிப்டிலிருந்து அழைத்தால் மட்டும் ஓடவில்லை என்றால், அதற்கும் காரணம் உண்டு. புரொஃபைல்.டி அடைவைப் படிப்பது லாகின் ஷெல் மட்டுமே. -இ தேர்வோடு அழைக்கும்போது ஷெல்லே இடையில் வருவதில்லை, ஆகவே எந்தக் கோப்பும் படிக்கப்படுவதில்லை. -இ தேர்வுக்குப் பதிலாக --ஷெல்-டைப் லாகின் என்ற தேர்வைக் கொடுத்து அழைக்கலாம், அல்லது நிரலின் முழுப் பாதையையே கொடுக்கலாம்.

டெபியன் இமேஜில் இதே சிக்கலின் மறுபக்கமும் தெரியும். விண்டோஸ் அடைவுகளைப் பாத் மாறியின் வாலில் சேர்ப்பது டபிள்யூஎஸ்எல்லின் இயல்பு. ஆனால் டெபியனின் /எட்சி/புரொஃபைல் கோப்பு பாத் மாறியைப் பழைய மதிப்பைப் பாராமல் புதிதாக எழுதிவிடுகிறது. அதனால் எக்ஸ்புளோரர்.இஎக்ஸ்இ போன்றவை காணாமல் போகின்றன. அந்தக் கோப்பில் உள்ள ஒதுக்கீட்டு வரிகளைப் பழைய மதிப்பைத் தக்கவைக்கும்படி திருத்தினால் போதும். விண்டோஸ் அடைவுகள் வேண்டவே வேண்டாம் என்பவர்கள் டபிள்யூஎஸ்எல்.கான்ஃப் கோப்பின் இன்ட்ராப் பகுதியில் அப்பெண்ட்விண்டோஸ்பாத்=ஃபால்ஸ் என்று எழுதி அதை முறைப்படியே அணைத்துவிடலாம்.

என்ட்ரிபாயின்ட் வரியின் கதையும் இதுவே. போஸ்ட்கிரெஸ் போன்ற சேவை இமேஜ்களில் தரவுத்தளத்தைத் தொடங்கி வைக்கும் வேலை முழுவதையும் அந்தத் தொடக்க ஸ்கிரிப்டே செய்கிறது. டபிள்யூஎஸ்எல் அதை ஓட்டுவதில்லை. போதாக்குறைக்கு, வால்யூமில் (கன்டெய்னருக்கு வெளியே டாக்கர் வைக்கும் சேமிப்பிடத்தில்) உள்ள தரவை எக்ஸ்போர்ட் கட்டளை எடுப்பதும் இல்லை. சேவைகளைக் கன்டெய்னராகவே விட்டுவிட்டு, நிரல் எழுதும் சூழலை மட்டும் டபிள்யூஎஸ்எல்லுக்குக் கொண்டுவருவதுதான் அறிவுடைமை.

அறிகுறி: சிஸ்டம்சிடிஎல் வேலை செய்யவில்லை, சேவைகள் எழவில்லை

கட்டளையே இல்லை என்று வந்தால், சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி நிறுவப்படவில்லை. கன்டெய்னரில் அதற்கு வேலை இல்லாததால் பெரும்பாலான அடிப்படை இமேஜ்கள் அதை விட்டுவிடுகின்றன. கட்டளை இருந்து, இந்த அமைப்பு சிஸ்டம்டியால் தொடங்கப்படவில்லை என்று அது சொன்னால், நிறுவப்பட்டிருக்கிறது ஆனால் முதல் செயல்முறையாக ஓடவில்லை. இரண்டையும் பிரித்தறிய /புரோக்/1/காம் கோப்பைப் படித்தால் போதும். சிஸ்டம்டி என்று இருக்க வேண்டும். மெலிந்த இமேஜ்களில் பிஎஸ் கட்டளைகூட இருக்காது என்பதால் இந்த வழியைச் சொல்கிறேன்.

டெபியன், உபுண்டு இமேஜ்களில் சிஸ்டம்டி, சிஸ்டம்டி-சிஸ்வி, டிபஸ், லிப்பாம்-சிஸ்டம்டி ஆகிய பொதிகளை டாக்கர்ஃபைலில் நிறுவ வேண்டும். சிஸ்டம்டி-சிஸ்வி விடுபட்டால் /எஸ்பின்/இனிட் இருக்காது. பிறகு டபிள்யூஎஸ்எல்.கான்ஃப் கோப்பின் பூட் பகுதியில் சிஸ்டம்டி=ட்ரூ என்று எழுத வேண்டும். இந்த வசதி 2022 செப்டம்பரில், டபிள்யூஎஸ்எல்லின் 0.67.6 பதிப்போடு வந்தது. டபிள்யூஎஸ்எல் --வெர்ஷன் காட்டும் எண் அதைவிடப் பழையதாக இருந்தால், அல்லது அந்தத் தேர்வையே அது அறியவில்லை என்றால், முதலில் --அப்டேட் செய்ய வேண்டும். ஆல்பைனில் சிஸ்டம்டி கிடையாது; அங்கே பூட் பகுதியில் கமாண்ட்= என்ற வரியில் தொடக்கக் கட்டளை ஒன்றை எழுதிச் சமாளிக்கலாம், ஆனால் சேவைகள் பல வேண்டுமென்றால் டெபியனுக்கு மாறுவதே மேல்.

சிஸ்டம்டி ஓடுகிறது, ஆனாலும் பொதியை நிறுவும்போது அதன் சேவை தானாகத் தொடங்கவில்லை, பாலிசி-ஆர்சி.டி தொடங்க மறுத்தது என்ற வரி நிறுவலின் நடுவே ஓடி மறைகிறது என்றால், அந்த வரியைத் தவற விடக்கூடாது. டெபியன், உபுண்டு கன்டெய்னர் இமேஜ்களில் /யூஎஸ்ஆர்/எஸ்பின்/பாலிசி-ஆர்சி.டி என்ற சிறு ஸ்கிரிப்ட் வைக்கப்பட்டிருக்கிறது. 101 என்ற எண்ணோடு வெளியேறுவது மட்டுமே அதன் வேலை, எந்தச் சேவையும் தொடங்கக்கூடாது என்பது அந்த எண்ணின் பொருள். கன்டெய்னருக்கு அது காவல். டபிள்யூஎஸ்எல்லில் வெறும் தடை. டாக்கர்ஃபைலின் கடைசி வரிகளில் அதை நீக்கிவிட வேண்டும். முன்னதாகவே நீக்கினால் இமேஜ் கட்டும்போதே சேவைகள் தொடங்க முயன்று வேறு தொல்லை தரும்.

வரைகலைச் செயலிகள் திறக்கவில்லை, அல்லது வலைத்தொடர்பு சில நொடிகளில் அறுகிறது என்றால், டபிள்யூஎஸ்எல் செய்யும் வேலையையே சிஸ்டம்டியின் சில சேவைகளும் செய்யப் போய் ஒன்றோடொன்று மோதுகின்றன. சிஸ்டம்டி-ரிசால்வ்டு, சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, நெட்வொர்க்மேனேஜர், டிஎம்பி.மவுன்ட், சிஸ்டம்டி-டிஎம்பிஃபைல்ஸ் என்று தொடங்கும் சேவைகள் ஆகியவற்றை முடக்கி வைக்கும்படி மைக்ரோசாஃப்ட்டின் வழிகாட்டியே பரிந்துரைக்கிறது. டிஎம்பி அடைவைத் துடைத்தாலோ அதன்மேல் இன்னொன்றை ஏற்றினாலோ, வரைகலைச் செயலிகள் திரையோடு பேச நாடும் எக்ஸ்11 சாக்கெட் என்ற இணைப்புப் புள்ளியும் அதோடு மறைந்துவிடுகிறது.

.இஎக்ஸ்இ நிரலை லினக்ஸிலிருந்து அழைக்கும்போது எக்ஸெக் ஃபார்மட் எரர் வருவதும் இதே மோதலின் இன்னொரு வடிவம். முன்னே சொன்ன செயலி வகைச் சிக்கலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். விண்டோஸ் நிரல்களை அடையாளம் காட்டும் டபிள்யூஎஸ்எல்இன்ட்ராப் பதிவை சிஸ்டம்டியின் பின்எஃப்எம்டி சேவை துடைத்துவிடுகிறது. /யூஎஸ்ஆர்/லிப்/பின்எஃப்எம்டி.டி அடைவில் அந்தப் பதிவை ஒரு கோப்பாக எழுதி வைத்தால், சேவை தானே அதை மீண்டும் ஏற்றிவிடும்.

அறிகுறி: கோப்பு அமைப்பை ஏற்றுவதில் பிழை என்று திறக்கும்போதே செய்தி

ஃபெடோரா இமேஜில் இது பழகிப்போன செய்தி. டிஸ்ட்ரோ திறக்கும்போது டபிள்யூஎஸ்எல் மவுன்ட் கட்டளையை ஓட்டுகிறது. மெலிந்த இமேஜில் அந்தக் கட்டளை இல்லை. டாக்கர்ஃபைலில் யூடில்-லினக்ஸ் பொதியைச் சேர்த்துவிட்டால் செய்தி மறையும். ஃபெடோராவின் பழைய பதிப்புகளில் பாஸ்வேர்டு மாற்றும் கட்டளையும் தனிப் பொதியாக இருந்தது; அங்கே இரண்டையும் ஒரே வரியில் நிறுவிவிடலாம்.

அறிகுறி: இணையம் எட்டவில்லை

பெயரைத் தீர்ப்பதில் தற்காலிகத் தோல்வி என்று வந்தால் /எட்சி/ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். எக்ஸ்போர்ட் செய்த மரத்தில் இந்தக் கோப்பு வெறுமையாகவே வரும், ஏனெனில் டாக்கர் அதன் உள்ளடக்கத்தை ஓடும்போது மேலிருந்து பொருத்துகிறது. டாக்கர்ஃபைலில் அதை அழிக்க முயன்றாலும் பயன்பாட்டில் உள்ளது என்ற பிழைதான் வரும். வழக்கமாக டபிள்யூஎஸ்எல் தன் கோப்பை அதன் இடத்தில் வைத்துவிடும். வேறெங்கிருந்தோ படியெடுத்த டபிள்யூஎஸ்எல்.கான்ஃப் கோப்பில் ஜெனரேட்ரிசால்வ்கான்ஃப்=ஃபால்ஸ் என்று இருந்தால் மட்டும் வெறுமை அப்படியே நிலைத்துவிடும். அந்த வரியை நீக்குவதே தீர்வு. விபிஎன் இணைத்தபோது மட்டும் தோல்வி என்றால் இமேஜில் தேடிப் பயனில்லை. விண்டோஸ் 11-இன் 22ஹெச்2 பதிப்பு முதல், விண்டோஸ் பயனர் ஃபோல்டரில் உள்ள .டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் கோப்பில் டிஎன்எஸ்டனலிங்=ட்ரூ என்பதையும், நெட்வொர்க்கிங்மோட்=மிரர்டு என்பதையும் முயன்று பார்க்கலாம்.

பெயர் தீர்கிறது, ஆனால் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்று கர்ல் (இணையத்திலிருந்து தரவை எடுக்கும் கட்டளை) சொன்னால், சிஏ-சர்டிஃபிகேட்ஸ் பொதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தும் அதே பிழை என்றால், அலுவலக வலையமைப்பு தன் சொந்தச் சான்றிதழை இடையில் செருகுகிறது. அதை விண்டோஸ் நம்புகிறது, லினக்ஸ் அறியாது. விண்டோஸின் சான்றிதழ் மேலாளரிலிருந்து அந்த மூலச் சான்றிதழை பேஸ்-64 வடிவில் எடுத்து, .சிஆர்டி என்று பெயர் முடியும்படி மாற்றி, டெபியனில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/சிஏ-சர்டிஃபிகேட்ஸ் அடைவில் வைத்து அப்டேட்-சிஏ-சர்டிஃபிகேட்ஸ் கட்டளையை ஓட்ட வேண்டும். ஃபெடோராவில் அடைவு /எட்சி/பிகேஐ/சிஏ-டிரஸ்ட்/சோர்ஸ்/ஆங்கர்ஸ், கட்டளை அப்டேட்-சிஏ-டிரஸ்ட். சரிபார்ப்பையே அணைத்துவிடும் தேர்வை நிரந்தரமாக எழுதி வைப்பது தீர்வாகாது.

அறிகுறி: தமிழ்க் கோப்புப் பெயர்கள் எண்களாகத் தெரிகின்றன, கடிகாரம் பின்தங்குகிறது

தமிழில் பெயரிட்ட ஃபோல்டரை எல்எஸ் கட்டளையால் பார்க்கும்போது \340\256 என்று தொடங்கும் எண் வரிசை தெரிந்தால், கோப்புப் பெயர் கெட்டுவிட்டதோ என்று அஞ்ச வேண்டாம். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள் கொண்டது, முதல் பைட் எண்ம முறையில் 340, அடுத்தது 256 அல்லது 257. எல்எஸ் அவற்றை எழுத்தாகக் காட்டத் துணியாமல் எண்ணாகக் காட்டுகிறது. மொழியையும் எழுத்து முறையையும் குறிக்கும் லாங் மாறி அமைக்கப்படாததே காரணம். டெபியனிலும் உபுண்டுவிலும் கூடுதலாக எதையும் நிறுவாமலே சி.யூடிஎஃப்-8 என்ற மதிப்பு கிடைக்கும். முன்னே சொன்ன புரொஃபைல்.டி கோப்பில் லாங் மாறிக்கு அதைக் கொடுத்தால் தமிழ் ஒழுங்காகத் தெரியும். தேதியும் வரிசையமைப்பும்கூடத் தமிழ் மரபில் வேண்டுவோர் லோகேல்ஸ் பொதியை நிறுவித் தமிழ்-இந்தியா லோகேலை உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

நேரம் ஐந்தரை மணி பின்தங்கினால் டிஇசட்டேட்டா பொதி இல்லை. விண்டோஸின் நேர வலயத்தை டபிள்யூஎஸ்எல் தானே எடுத்துக்கொள்ள முயலும், ஆனால் வலயக் கோப்புகள் இருந்தால்தான் அது நடக்கும். பொதியை நிறுவிய பிறகும் ஆசியா/கல்கத்தா என்ற கோப்பைக் காணவில்லை என்று செய்தி வந்தால், அந்தப் பழைய பெயர் புதிய வெளியீடுகளில் டிஇசட்டேட்டா-லெகசி என்ற தனிப் பொதிக்குப் போய்விட்டது. அதையும் சேர்த்து நிறுவவும். இந்திய நேரத்தில் இருப்பவர்களுக்கு வந்து, சக ஊழியரின் வெளிநாட்டுக் கணினியில் பெரும்பாலும் எட்டிப்பாராத பிழை இது.

அறிகுறி: ஸ்கிரிப்டில் வினோதமான எம் எழுத்து

ஸ்கிரிப்டின் முதல் வரியில் உள்ள பாஷ் பெயருக்குப் பின்னால் கூரைக் குறியும் எம் எழுத்தும் ஒட்டிக்கொண்டு பிழை வந்தால், அந்தக் கோப்பு விண்டோஸ் வரி முடிவுகளோடு இமேஜுக்குள் சென்றிருக்கிறது. நிரல் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் கருவியின் ஆட்டோசிஆர்எல்எஃப் அமைப்பு இதன் வழக்கமான காரணி. களஞ்சியத்தில் .கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பு ஒன்றை வைத்து, .எஸ்ஹெச் கோப்புகளும் .கான்ஃப் கோப்புகளும் எப்போதும் லினக்ஸின் வரி முடிவான எல்எஃப் முடிவோடே இருக்க வேண்டும் என்று வரையறுக்கவும்.

அறிகுறி: உள்ளே கோப்புகளை அழித்தும் விண்டோஸ் வட்டில் இடம் திரும்பவில்லை

எக்ஸ்ட்4.விஹெச்டிஎக்ஸ் கோப்பு தேவைக்கேற்ப வளரும், தானாகச் சுருங்காது. டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன் செய்துவிட்டு, டிஸ்க்பார்ட்டில் அந்தக் கோப்பைத் தேர்ந்து படிக்க மட்டும் என்ற முறையில் இணைத்து, காம்பாக்ட் விடிஸ்க் கட்டளையை ஓட்டினால் இடம் திரும்பும். --மேனேஜ் கட்டளையில் --செட்-ஸ்பார்ஸ் என்ற தேர்வும் உண்டு. ஆனால் தரவு கெடும் வாய்ப்பு இருப்பதாகச் சொல்லி, --அலவ்-அன்சேஃப் என்று கூடுதலாக எழுதினால் மட்டுமே செய்யும்படி டபிள்யூஎஸ்எல்லே அதைப் பூட்டி வைத்திருக்கிறது. பெயரிலேயே எச்சரிக்கை உள்ள தேர்வை வேலைக் கணினியில் நான் இயக்க மாட்டேன். டாக்கர்ஃபைலை ஒழுங்காக எழுதி வைத்திருப்பவருக்கு இன்னொரு வழியும் உண்டு: ஹோம் அடைவை மட்டும் டார் கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டு, பழைய டிஸ்ட்ரோவை நீக்கி, புதிதாகக் கட்டிய இமேஜை ஏற்றி, ஹோம் அடைவை மீண்டும் உள்ளே பிரிக்கலாம். அப்படிச் செய்யும்போது புதிய டிஸ்ட்ரோவின் பயனர் எண் பழையதோடு ஒன்றாக இருக்க வேண்டும். முதல் பயனருக்கு இயல்பாக 1000 கிடைக்கும் என்றாலும், உபுண்டுவின் 24.04 இமேஜில் அந்த எண்ணை உபுண்டு என்ற பயனர் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருப்பதால், அவரை நீக்கிவிட்டு நம் பயனரை உருவாக்கும் வரியை டாக்கர்ஃபைலில் அந்த வரிசையிலேயே எழுத வேண்டும்.